நேரமில்லாதவரின் இரைப்பை



உறக்கமின்மை குறித்து இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அதனைத் தள்ளிவைக்க ஒரு கடிதம் காரணமாயிற்று. சென்னையில் வசிக்கும் சகோதரி ஒருவர் எழுதிய அக்கடிதத்தின் முதல் வரியே இதுதான்: "என் கணவருக்கு எழுத நேரமில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்."

அவர் கணவர் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் பொறுப்பான பதவியில் இருப்பவர். வயது 42. காலை ஏழேகாலுக்கு நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுப் புறப்படுவார். பதினொரு மணிக்கு ஒரு தேநீர். மதிய உணவு டப்பா மூன்று மணிக்குத் திறக்கப்படும். சில நாள்களில் கட்டிய கட்டு அவிழாமலே வீடு திரும்பும். செப்டம்பர் மாதமென்றால் தணிக்கை அறிக்கைகளை முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி. இரவு பத்தரைக்கு வந்து, பகலெல்லாம் உண்ணாததையும் சேர்த்து உண்டு, உடனே படுக்கைக்குச் சென்றுவிடுவார். நள்ளிரவு இரண்டு மணிக்கு மேல்வயிற்றில் எரிச்சல் எழுப்பிவிடும். இரண்டு பிஸ்கட்டைத் தின்றால் அடங்கும். மூன்றாண்டுகளாக மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கிய அமிலக் குறைப்பு மாத்திரை. கணினியின் முன் குனிந்திருப்பதால் வந்த கழுத்து வலிக்கு வேறொரு மாத்திரை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசியில் சகோதரி ஒன்றைச் சேர்த்திருந்தார். "ஒரு வாரமாக மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. முகம் வெளுத்திருக்கிறது. எதைச் சமைத்துக் கொடுத்தால் வயிறு குணமாகும் என்று எழுதுங்கள்."

இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கத்தக்க கடிதமன்று அது. அவர் குறிப்பிட்டிருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மலம் எந்த நிறத்தில் போகிறதென்று அவரைக் கேட்டுச் சொல்லுங்கள், அம்மா." சகோதரிக்குத் தெரியவில்லை. கணவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து நாள்களாகத் தார் போலக் கருமையாகவும் பிசுபிசுப்பாகவும் போய்க்கொண்டிருந்ததாம். செப்டம்பர் 30 கடந்ததும் மருத்துவரைப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டாராம்!

அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்தார்கள். முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து இரத்தக் கசிவு. இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இறையருளால் இப்பொழுது நலமாக இருக்கிறார். பெயரையும் ஊரின் பகுதியையும் மறைத்து இதனை வெளியிட இருவருமே அனுமதி தந்திருக்கிறார்கள். இந்த இதழைப் படிக்கும் குடும்பங்களில் அவரைப் போன்றவர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார் என்பதே நான் எழுதுவதற்குக் காரணம்.

இரைப்பையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணத்தை முதலில் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். அது நாள்தோறும் ஏறத்தாழ 2 லிட்டர் இரைப்பை நீரைச் சுரக்கிறது. அந்நீரில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்னும் நொதியும் சேர்ந்து இறைச்சியையே கூழாக்கிவிடும். இரைப்பையும் தசையால் ஆனதுதானே! அது தன்னையே ஏன் செரித்துக்கொள்வதில்லை? உட்சுவரின் மீது வழவழப்பான சளிப்படலம் ஒன்று படிந்திருக்கிறது. அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் அதனுள் கலந்திருக்கிறது. அதற்கடியில் உள்ள உயிரணுக்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. இக்காவல் சரியாக இருக்கும்வரை அமிலம் நமக்கு ஊழியன். நாமோ, எரிகிறது என்றவுடன் அமிலத்தையே குற்றவாளியாக்கி அதனை அடக்க மாத்திரை தேடுகிறோம். சுவரை அரித்தது எது என்று கேட்பதில்லை.

சுவரை அரிப்பவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று கிருமி, மற்றொன்று வலி மாத்திரை.

கவலையும் காரமுமே வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பிவந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள ராயல் பெர்த் மருத்துவமனையில் திசுக்களை ஆராயும் மருத்துவராக இருந்த ராபின் வாரன், 1979-இல் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவான நுண்ணுயிரிகளைக் கண்டார். அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று சொல்லப்பட்ட காலம் அது. இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்துகொண்டார். அக்கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க எத்தனையோ முறை முயன்றும் இயலவில்லை. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள்கள் எடுக்கப்படாமல் கிடந்தன. விடுமுறை கழிந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! பிறர் நம்ப மறுக்கவே, 1984-இல் மார்ஷல் அக்கிருமி நிறைந்த கரைசலைத் தாமே குடித்துவிட்டார். சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. உள்நோக்கிப் பார்த்தபோது இரைப்பை அழன்றிருந்தது. (எல்லாரும் பின்பற்றத்தக்க முன்மாதிரி அன்று என்பதைச் சொல்லிவைக்கிறேன்.) ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் அக்கிருமிக்காக இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதனை இரைப்பைப் புற்றுநோய்க்கான காரணிகளுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே வகைப்படுத்திவிட்டது.

இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டிலிருப்பவர் மூலமாகவோ தூய்மையற்ற நீர், உணவு மூலமாகவோ வந்து குடியேறிவிடுகிறது. யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றிலும் அமிலத்தை முறித்துக்கொண்டு சளிப்படலத்திற்குள் வாழ்கிறது. நம் நாட்டில் மிகப் பலருடைய வயிற்றில் இது இருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் தருவதில்லை. புண்ணை உண்டாக்கும் இடத்தில் மட்டும் இதனை ஒழித்தே தீரவேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிருமிக்கொல்லி மருந்துகளும் அமிலக் குறைப்பு மருந்தும் சேர்ந்த கூட்டு மருந்தை வழக்கமாக 14 நாள்கள் உட்கொள்ள வேண்டும். ஆறாவது நாளில் எரிச்சல் நின்றுவிட்டதென்று மருந்தை நிறுத்துகிறவர்கள்தான், அம்மருந்துக்கு அடங்காத கிருமியைத் தம் வயிற்றில் வளர்த்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகிய யாவும் ஒரே குடும்பம். நம் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிறது. அதே பொருள்தான் இரைப்பையின் சளிப்படலத்தையும் காக்கிறது. ஆஸ்பிரின் இப்பொருளின் உற்பத்தியைத் தடுத்தே வேலை செய்கிறது என்பதை 1971-இல் ஜான் வேன் கண்டறிந்தார். வலியும் குறைகிறது, காவலும் குறைகிறது! "சாப்பிட்ட பிறகுதான் போட்டுக்கொள்கிறேன்" என்று பலர் நிம்மதி கொள்கிறார்கள். மாத்திரை இரைப்பையை நேரில் தொட்டு விளைவிக்கும் கேடு ஒரு பகுதியே. மற்றது இரத்தத்தின் வழியே வருவது. ஆகையால் உண்டபின் போட்டாலும், ஊசியாகவே போட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. உரிய அளவில் எடுக்கும் பாராசிட்டமால் இரைப்பையை இவ்வாறு புண்ணாக்குவதில்லை. இதய நோய்க்காக மருத்துவர் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டு அதனைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். அவரிடம் வயிற்றைப் பற்றிச் சொல்லுங்கள்.

நம் சகோதரியின் கணவருக்குக் கிருமியும் இருந்தது. கழுத்து வலி மாத்திரையும் இருந்தது. இரண்டும் சேரும்போது ஆபத்து பன்மடங்காகும். அப்படியானால் மூன்றாண்டுகள் விழுங்கிய அமிலக் குறைப்பு மாத்திரை என்ன செய்தது? எரிச்சல் மிகும் நாளில் மட்டும் அதனைப் போட்டுக்கொண்டு, வலியை அவ்வப்போது மறைத்துவைத்தது. ஒமிப்பிரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் நல்ல மருந்துகளே. 1980-களின் இறுதியில் அவை வந்தபின் எத்தனையோ பேர் அறுவைச் சிகிச்சையிலிருந்து தப்பினார்கள். ஆனால் உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன் உட்கொண்டால்தான் அவை சரிவர வேலை செய்யும். விருந்து முடிந்தபின் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வதனால் அதிகப் பயனில்லை. பல மாதங்கள் உண்டு திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னைவிடப் பொங்கும். உடனே, இது இல்லாமல் வாழ இயலாது என்று மீண்டும் தொடங்கிவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12-உம் மக்னீசியமும் குறைய இடமுண்டு. கிருமி உள்ளதா என்று மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையையும் மலச் சோதனையையும்கூட இம்மாத்திரை பொய்யாக்கிவிடும். இரண்டு வாரம் நிறுத்தியபின்பே சோதிக்க வேண்டும்.

வயிறு எரிகிறவர்கள் எல்லாருக்கும் புண் இருக்கிறதென்று அஞ்ச வேண்டியதில்லை. எண்டோஸ்கோப்பி செய்துகொள்பவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணே இராது. அவர்களுக்குத் தொல்லை தருவது பொழுது தவறிய உணவும் பரபரப்புமே. வில்லியம் போமண்ட் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், 1822-இல் துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் ஆறாத துளையோடு பிழைத்த ஒருவருடைய இரைப்பையை அத்துளை வழியாகவே பல ஆண்டுகள் கவனித்து, 1833-இல் நூலாக வெளியிட்டார். அம்மனிதர் கோபமுற்றபோது செரிமானம் கெட்டதை அவர் கண்ணாரக் கண்டார். மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய சூட்டோடு உணவுக்கு அமர்வோர் இதனை நினைவில் கொள்ளலாம்.

அலுவலகம் செல்வோருக்கு நான் கூறுவது ஒரு கணக்குதான். பலவும் கலந்த ஒரு வேளை உணவு இரைப்பையை விட்டு இறங்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். எண்ணெயும் கொழுப்பும் மிகுந்தால் இன்னும் தாமதமாகும். இரவு பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் உண்டு பதினொன்றுக்குப் படுத்தால், நிறைந்த பை கிடைமட்டமாகிறது. அமிலம் உணவுக்குழாயில் ஏறி நெஞ்சை எரிக்கிறது. ஆகவே பெரிய உணவைப் பகலுக்கு மாற்றுங்கள். தாமதமாகத் திரும்ப நேரும் நாளில் மாலை ஏழு மணிக்கு அலுவலகத்திலேயே இரண்டு சப்பாத்தியோ இட்லியோ உண்டுவிட்டால், வீட்டில் ஒரு கிண்ணம் மோர்ச் சோறு போதும். உண்டதற்கும் படுப்பதற்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றில் அடுக்கடுக்காகத் தேநீர் வேண்டாம். பால் குடித்தால் புண் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. அது சற்று நேரம் இதமளித்து, பின்னர் அமிலத்தை மேலும் சுரக்கச் செய்கிறது. புகைபிடிப்பவருக்குப் புண் எளிதில் ஆறாது. மிளகாயைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது புண்ணை உண்டாக்குவதில்லை. எரிச்சலைக் கூட்டினால் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவே.

நோன்பு வயிற்றைப் புண்ணாக்குமா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. நலமாயிருப்பவருக்கு நோன்பினால் புண் வருவதில்லை. தொல்லை தருவது நோன்பு திறந்தபின் நாம் செய்வதுதான். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நோன்புக் கஞ்சி ஒழிந்த இரைப்பைக்கு எவ்வளவு பொருத்தமான உணவு! அதன் மீது உடனே சமோசாவையும் பஜ்ஜியையும் குவிப்பானேன்? புண் ஆறாதிருப்பவரும் அண்மையில் இரத்தம் கசிந்தவரும் மருத்துவர் சொல்லும்வரை நோன்பைத் தள்ளிவைக்க வேண்டும். நோயாளிக்குப் பின்னர் நோற்கும் சலுகையை மார்க்கமே அளித்திருக்கிறது.

ஒரு நாளும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். தார் போன்ற மலம், இரத்தமாகவோ காப்பித் தூள் கரைந்தது போலவோ வாந்தி, வெளுத்த முகத்தோடு மூச்சிரைப்பு ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல், ஐம்பதைக் கடந்தபின் புதிதாகத் தோன்றும் செரியாமை ஆகியவற்றையும் தாமதமின்றிக் காட்ட வேண்டும். இன்னொன்று. நெஞ்சின் நடுவில் இறுக்கமும் வியர்வையும், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியும் வந்தால், வாயு என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி மிகக் குறைவாகவே தெரியக்கூடும். உடனே 108-ஐ அழையுங்கள்.

சகோதரியிடமிருந்து சென்ற வாரம் இரண்டாவது கடிதம் வந்தது. கணவர் 14 நாள் மருந்தையும் முடித்துவிட்டார். கழுத்து வலிக்கு மாத்திரையை விட்டு உடற்பயிற்சி செய்கிறார். உணவு டப்பா ஒன்றரை மணிக்குத் திறக்கப்படுகிறதாம். கிருமி ஒழிந்ததா என்பதை, கிருமிக்கொல்லி மருந்து முடிந்து நான்கு வாரங்களேனும் கழித்து மூச்சுச் சோதனையில் பார்க்க வேண்டும். இம்முறை அவர் கேட்டிருப்பது பிள்ளைகள் இருவரைப் பற்றி. வீட்டில் ஒருவருக்குக் கிருமி இருந்தால் அவர்களையும் சோதிக்க வேண்டுமா என்கிறார். தொல்லை எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு வழக்கமாகச் சோதனை தேவையில்லை. குடும்பத்தில் எவருக்கேனும் இரைப்பைப் புற்றுநோய் வந்ததுண்டா என்பதை மட்டும் விசாரித்து எனக்கு எழுதுங்கள், சகோதரி.