கோழிக்குச் சோறு போதுமா?

சென்ற மாதம் சங்கத்தில் ஓர் அன்பர் என்னிடம் கேட்டார்: "சார், நாங்கள் மிஞ்சின சோற்றையும் சாம்பாரையும் போட்டே ஆறு கோழி வளர்க்கிறோம். நீங்கள் எதற்குத் தீனிக்கென்று தனியாகச் செலவு செய்கிறீர்கள்?" இங்கே கரக்பூரில் கொஞ்சம் தோட்டத்தோடு குடியிருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இதே எண்ணம்தான். எனக்கும் இருந்தது. அது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஊரில் அம்மா கோழித்தீனி வாங்கியதே இல்லை. உண்மைதான். ஆனால் களத்தில் சிந்திய நெல்லும் குப்பைமேட்டுப் புழுவும் அவற்றுக்குக் கிடைத்தன. குஞ்சு பொரித்துவிட்டால், பழைய பானையில் சாணியும் வைக்கோலும் திணித்து இரவில் கவிழ்த்து வைத்து, காலையில் கரையானை உதறிப் போடுவார்கள். புரதம் அப்படி வந்தது. அப்போதும் வருஷத்துக்கு 60 முட்டை போட்டாலே பெரிசு. இன்று நம்மில் பலர் வைத்திருப்பது வனராஜா ரகம். ஐதராபாத்திலுள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. 100 முட்டைக்கு மேல் போடக்கூடிய கோழியைச் சின்ன முற்றத்தில் அடைத்து வெறும் சோறு போட்டால் எப்படி?

கணக்குப் பாருங்கள். முட்டையிடும் கோழியின் தீனியில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். அரிசியில் இருப்பது 7, 8தான். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. 100 கிராம் அரிசியில் அதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துத்தான் ஓடு கட்டுகிறது. தோல்முட்டை போடுவதும், கால் தள்ளாடி உட்கார்ந்துவிடுவதும் இதனால்தான். சாம்பாரின் உப்பு வேறு கெடுதல்.

அதற்காகக் கண்ணில் பட்ட மூட்டையை வாங்கவும் கூடாது. டிப்ளமோ முடித்து 36 வருஷம் வொர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு சாமானுக்கும் ஸ்பெசிஃபிகேஷன் பார்த்து வாங்கியவன் நான். அப்படிப்பட்டவன், "முட்டைக்கோழித் தீனிதான் சார் சத்து அதிகம்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி அதையே குஞ்சுகளுக்குப் போட்டேன். அதில் கால்சியம் 3½ சதவீதத்துக்கு மேல். குஞ்சுக்கு வேண்டியதோ 1 சதவீதம். இரண்டு மாதத்தில் 12 குஞ்சில் 7 போய்விட்டன. அறுத்துப் பார்த்த கால்நடை டாக்டர், சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார். என் மனைவி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோழித்தீனிக்கும் ஐ.எஸ். 1374 என்று ஒரு தரம் உண்டு. மூட்டையில் எந்த வயதுக் கோழிக்கு என்று அச்சிட்டிருக்கும். படித்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே கலப்பதானால் பெரிய கோழிகளுக்கு நான் கலக்கும் கணக்கு இது: 10 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 6, தவிடு 1½, சோயா புண்ணாக்கு 2, உப்பில்லாத கருவாட்டுத்தூள் அரை கிலோ. கூடவே கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும் தாது உப்புக் கலவை கொஞ்சம். கீரைக்காம்பு தினமும். இந்த ஊரில் கடுகுப் புண்ணாக்கு மலிவு என்று அள்ளிப் போடாதீர்கள், தைராய்டைப் பாதிக்கும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த சோளமும் கடலைப் புண்ணாக்கும் விஷமே. வெயிலில் காயவைத்தாலும் அந்த விஷம் போகாது. இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

இதெல்லாம் லாபமா என்றால், இல்லை. சிக்கனத்துக்காக வளர்ப்பவர்கள் பேசாமல் கடையில் ஆந்திர முட்டை வாங்கிக்கொள்ளலாம். வளர்ப்பது என்று முடிவு செய்தால் அதன் வயிற்றுக்கு நாம்தான் பொறுப்பு.

கிளிஞ்சலைத் தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில், சாயங்காலம் வையுங்கள். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. தேவைப்பட்ட கோழி தானே வந்து கொத்திக்கொள்ளும். ஐந்து மணி ஆனால் எங்கள் வீட்டில், "என்னங்க, கிளிஞ்சல் வைத்தாயிற்றா?" என்ற குரல் கேட்கும்.