சம்பளக்காரரின் முதற்பலன்

திருநெல்வேலிச் சீமையில் அறுப்பின் பண்டிகை என்றால் வாழைத்தாரும் நெல்லும் சேவலும் ஆலயத்துக்கு வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். விளைச்சலைக் கொடுத்தவருக்கு விவசாயி நன்றி சொல்லும் முறை அது.

மும்பைக்குப் பிழைக்க வந்த கிறிஸ்தவருக்கு வயல் ஏது? மாதச் சம்பளமே விளைச்சல். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் நோட்டைப் போட்டதோடு கடமை தீர்ந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். சாட்சி சொல்வதும் பதவி உயர்வுக்கும் பெண்ணின் திருமணத்துக்கும்தான். நெரிசலான மின்சார ரயிலில் தினமும் கைகால் முழுதாய் வீடு திரும்புவது எவர் கணக்கிலும் வருவதில்லை.

எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யும்படி தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினார். 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் இந்நகரில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் கூலியின்றித் தவித்தார்கள். அடுப்பு எரியாத வீட்டில் அந்த வசனத்தை மட்டும் சொல்லிவிட்டு வருவது சுலபம். (செலவும் இல்லை!) அங்கே ஒரு படி அரிசி கொண்டுபோகிறவரே தமக்குக் கிடைத்த அரிசிக்கு நன்றி சொன்னவர்.

உபாகமம் 26-ம் அதிகாரமும் முதற்பலன் கூடையைப் படைப்பதோடு நிற்கவில்லை. நிலமில்லாத லேவியனும் வேற்றூரிலிருந்து வந்த பரதேசியும் கூடச் சேர்ந்து மகிழவேண்டும் என்கிறது. பரதேசியின் பாடு நம்மவருக்குத் தெரியாததா?

பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயைப் போட்டி போட்டு இருநூறு ரூபாய்க்கு எடுப்பவர், ஊரிலிருந்து புதிதாய் வந்து தங்க இடம் தேடும் பையனையும் அன்று மதியம் சாப்பிடக் கூட்டிப் போகலாம்.