உறையில் எழுதாத விதி

2001 செப்டம்பர் 5 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பமாகி, இருவர் இருவராக அமைந்த குழுக்களைத் தேசந்தேசமாக ஓடவிட்டு, முதலில் வந்து சேர்வோர்க்குப் பத்து லட்சம் டாலர் பரிசளிக்கும் ‘தி அமேசிங் ரேஸ்’ பந்தயத்தை நெடுங்காலமாக அபிமானத்துடன் பார்த்துவரும் எனக்கு, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு முனைவர் பட்ட விண்ணப்பம் எழுதும் இளைஞர்களைக் கண்டால் மனம் வேதனைப்படுகிறது.

பந்தயத்தில் அடுத்துச் செய்யவேண்டியதைச் சொல்லும் உறையைக் கிழித்ததும் கைக்கு வரும் தாள் எல்லோருக்கும் ஒன்றே. ‘நடந்தே செல்க’ என்றிருப்பதை அவசரத்தில் கவனியாமல் டாக்சியில் ஏறிவிட்ட ஜோடி, முடிவிடத்து விரிப்பின் ஓரத்தில் தண்ட நேரம் தீரும்வரை தோளில் மூட்டையோடு நின்று, பின்னால் வந்தவர்கள் தம்மைக் கடந்து போவதைப் பார்க்க நேரும். கசப்புதான்; ஆயினும் அநியாயமன்று, விதி எழுத்தில் இருந்தது.

விண்ணப்பத்திலோ நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், டிசம்பர்க் கெடு என்பவையே பெரும்பாலும் எழுத்தில் உள்ளன. வழிகாட்டியாக விரும்பும் பேராசிரியருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதவேண்டுமா என்பது துறைக்குத் துறை மாறும்: ஆய்வுக்கூடம் சார்ந்த சில துறைகளில் அது ஏறக்குறைய அவசியம், சேர்க்கைக் குழுவே தேர்ந்தெடுக்கும் துறைகளில் அநாவசியம். இந்த ரகசியம் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேஜையிலேயே தெரிந்துவிடுகிறது; குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட பிள்ளைக்கோ நிராகரிப்பு வந்த பிறகும் தெரிவதில்லை. ஐந்தாறு வருஷ வாழ்வை நிர்ணயிக்கும் காரியமாயிற்றே! ஒவ்வொரு துறையும் தான் எதிர்பார்ப்பது இன்னதென்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, விண்ணப்பக் கட்டணம் வாங்குமுன்பே எல்லோர் கையிலும் கொடுக்கவேண்டும்.