பெட்டகத்தின் அடியில் விரித்த தாள்கள்

தைப்பொங்கலுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்வது எம்மவர் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு ஒருநாள் எமது பூட்டனார் காலத்துப் பெட்டகத்தை முற்றத்து வெய்யிலில் இறக்கி வைத்தோம். அதன் அடியில் விரித்திருந்த பழுப்பேறிய தாள்களை எடுத்து எரிக்கப் போனார் எமது துணைவியார். “பொறும், எரிக்காதேயும்” என்று தடுத்தோம். அன்று தொடங்கியதே எமது இந்தப் பொழுதுபோக்கு.

பூட்டனார் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிற் கணக்கராயிருந்தவர். துரையின் பங்களாவிற் கழித்துவிட்ட ஆங்கிலச் சித்திரப் பத்திரிகைகளை ஊருக்குக் கொண்டுவந்து பெட்டகத்துக்கு விரிப்பாக இட்டிருந்தார். 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்களோடு நாமும் இடம்பெயர்ந்தோம். அடுத்த ஆண்டு மீண்டு வந்தபோது, பழப்புளியும் சாம்பலும் இட்டு அம்மம்மா மினுக்கி வைத்திருந்த பித்தளைக் குடங்களையும் குத்துவிளக்கையும் காணவில்லை. தாள்கள் மாத்திரம் கிடந்தன. அவற்றை அன்று நாம் ஏறெடுத்தும் பார்த்தோமில்லை. இப்பொழுது விரித்துப் பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் சவர்க்கார விளம்பரங்கள்!

முத்திரை சேர்ப்பார், நாணயம் சேர்ப்பார் உண்டு. சவர்க்கார விளம்பரத்தையும் ஒருவர் சேர்ப்பாரோ என நேயர்கள் நகைக்கலாம். அரசர் செய்த போர்களை வரலாற்று நூல்கள் கூறும். அடுக்களையை எவ்வாறு துலக்கினர், துணியை எதனால் வெளுத்தனர், எதைக் கண்டு வெட்கப்பட்டனர் என்பவற்றை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. விளம்பரங்கள் கூறும்.

சவர்க்காரமும் விளம்பரமும் ஆங்கில நாட்டிற் கூடப்பிறந்தவை போன்றவை. 1712 ஆம் ஆண்டு, ஆன் அரசியின் காலத்தில், ஒரே சட்டம் சவர்க்காரத்துக்கும் வரி விதித்தது. பத்திரிகை விளம்பரத்துக்கும் வரி விதித்தது. விளம்பரம் ஒன்றுக்கு மூன்று சிலின் ஆறு பென்சு வரை ஏறிய வரி, 1833 இல் ஒரு சிலின் ஆறு பென்சாகக் குறைந்தது. அதே ஆண்டிற் சவர்க்கார வரியும் பாதியாயிற்று. 1853 இல் இரண்டும் முற்றாக ஒழிந்தன. சவர்க்காரம் மலிந்தது, அதனைப் புகழ்ந்து அச்சிடுவதும் மலிந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த பத்திரிகைகளிற் சவர்க்காரம் பொங்கி வழிவதற்கு இது ஒரு காரணமாகும்.

பியர்ஸ் நிறுவனத்தின் தோமஸ் பரற் என்பவர் இக்கலையில் முன்னோடி. மில்லே என்னும் புகழ்பெற்ற ஓவியர் 1886 இல், தம் பேரன் சவர்க்காரக் குமிழி ஊதி அண்ணாந்து பார்ப்பதாக ஓர் ஓவியந் தீட்டினார். அதனை முதலில் வாங்கியவர் ஒரு சித்திரப் பத்திரிகையின் உரிமையாளர். அவரிடமிருந்து பரற் வாங்கி, ஒரு சவர்க்காரக் கட்டியையும் படத்திற் சேர்த்து விளம்பரமாக்கினார். கலையை விற்றுவிட்டார் என ஓவியர்மேற் பழி சுமத்தினோர் பலர். குமிழி ஊதிய சிறுவனோ வளர்ந்து பிரித்தானியக் கடற்படையில் அட்மிரல் ஆனான்!

பலசரக்குக் கடைகளில் நீண்ட பாளமாக வந்த சவர்க்காரத்தைப் பெயரின்றி வெட்டி நிறுத்து விற்ற காலம் அது. வில்லியம் லீவர் 1884 இல் ‘சன்லைற்’ என்ற பெயரைப் பதிவு செய்து, தாளிற் சுற்றிய கட்டிகளாக விற்கலானார். பெண்கள் ஆண்களினும் விரைவில் முதுமைத் தோற்றம் அடைவது ஏன் என்று அவருடைய விளம்பரம் ஒன்று வினவிற்று. துணி வெளுக்கும் பாடே காரணம் என்பது அதன் குறிப்பு. அப்பாட்டை ஆண்களும் பகிரலாம் என்று மட்டும் அது சொல்லவில்லை.

எமக்கு நகைப்பூட்டுவது ‘மங்கி பிராண்ட்’ என்னும் குரங்கு முத்திரைச் சவர்க்காரம். பாத்திரங்களைத் தேய்த்து மினுக்குவதற்கான அது, ‘துணி வெளுக்காது’ என்று தன் குறையைத் தானே பறைசாற்றியது. தன்னால் ஆகாததைச் சொல்லும் விளம்பரத்தை நாம் வேறெங்கே காண்போம்?

இவ்வாறு மகிழ்ந்து தாள்களைப் பிரித்து வருகையில் ஒரு பக்கம் எம்மைத் திகைக்க வைத்தது. அதுவும் பியர்ஸ் விளம்பரமே, 1880களைச் சேர்ந்தது. முதற் படத்திற் கறுப்பினக் குழந்தை ஒன்று தொட்டியில் இருக்கிறது. அருகே வெள்ளைக் குழந்தை சவர்க்காரத்துடன் நிற்கிறது. அடுத்த படத்தில், குளித்தெழுந்த குழந்தையின் உடல் வெளுத்துவிட்டது. முகம் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது.

எம் மூத்த மகள் அதைப் பார்த்து, “அப்பா, இதையும் வைக்கப் போறியளோ? தங்கச்சி பார்த்தால் என்ன நினைப்பாள்?” என்றாள். இளையவள் நிறங் குறைந்தவள். பாடசாலையிற் சில பிள்ளைகள் அவளைக் ‘கறுப்பி’ என்று கூப்பிட, அழுதுகொண்டு வந்த நாட்கள் உண்டு. நாம் விடை கூறாமல் அப்பக்கத்தை மேசை லாச்சியில் இட்டுப் பூட்டினோம். எரிக்கவும் மனமில்லை, வைக்கவும் துணிவில்லை.

மூன்று திங்கள் கழிந்தன. பென்சில் தேட லாச்சியைத் திறந்த இளையவள் அத்தாளுடன் எம்மிடம் வந்தாள். “அப்பா, இந்தப் பிள்ளை தன்னை வெளுக்கச் சொல்லிக் கேட்டதோ?” என்றாள்.

“இல்லை, பிள்ளை. ஒருவரும் அதைக் கேட்கவில்லை.”

“அப்ப ஏன் கழுவினவை?”

இருபது ஆண்டுகள் கற்பித்த எமக்கு இத்துணைக் கூரிய வினாவை எம் மாணவர் எவரும் விடுத்ததில்லை. சவர்க்காரம் எண்ணெய்ப் பசையுள்ள அழுக்கைப் பற்றி நீருடன் கலந்துபோகச் செய்வது. தோலின் நிறமோ மெலனின் என்னும் நிறப்பொருளால் வருவது. நிறம் அழுக்கன்று என்று விளக்கினோம். பிறநாடுகளை ஆண்டவர்கள், தம் ஆட்சியே துப்புரவு, ஆளப்பட்டோரே அழுக்கு எனக் காட்ட விரும்பினார்கள் என்பதையும் சொன்னோம். அவள் சிறிது நேரம் யோசித்து, “அப்ப இதை ஒளிக்க வேண்டாம், அப்பா. பிழையெண்டு பக்கத்தில எழுதி வையுங்கோ” என்றாள்.

அவ்வாறே செய்தோம். குமிழிச் சிறுவனின் படத்துக்கு அருகே இப்பக்கமும் இருக்கிறது; கீழே விளக்கம் இளையவளின் கையெழுத்தில் இருக்கிறது. அழகிய தாள்களை மாத்திரம் சேர்த்து, அவமதிக்கும் தாள்களை எரித்திருந்தால், அவ்வணிகர்களின் கறையை நாமே கழுவிக் கொடுத்தவர்களாவோம்.

இம்முயற்சியில் இறங்க விரும்பும் மாணவர்களுக்குச் சில கூறுவோம். விளம்பரத்தை மட்டும் கத்தரியாமல் முழுப் பக்கத்தையும் வையுங்கள். பத்திரிகையின் பெயரும் திகதியும் இல்லாத துண்டு ஊர்பேர் தெரியாத விருந்தாளி போன்றது. குறிப்புகளைத் தாளின்மேல் எழுதாது, தனிக் கடதாசியிற் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். பசையும் ஒட்டுநாடாவும் வேண்டாம். காலப்போக்கில் அவை தாளைக் கறைப்படுத்தும். மரக்கூழிற் செய்த பத்திரிகைத் தாளில் லிக்னின் என்னும் பொருள் உண்டு; ஒளியும் காற்றும் பட்டால் அது தாளைப் பழுப்பாக்கும். ஆதலின் அமிலமற்ற தாள்களுக்கிடையே, ஈரமும் வெய்யிலும் படாத இடத்தில் வைத்தல் நன்று. கறையானும் இராமபாணப் பூச்சியும் வந்தனவா என அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதனைக் கண்ட சமூகத்தினர் பழந்தாளை அடுப்பில் இடுமுன் ஒருமுறை விரித்துப் பார்த்தல் வேண்டும். வரும் பொங்கலுக்கு உங்கள் வீட்டுப் பெட்டகத்தையும் திறப்பீர்களன்றோ? அடியில் விரித்திருப்பதைப் பிள்ளைகளிடம் முதலிற் கொடுங்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேளுங்கள்.