ஈ.வி.எஸ். தாளைத் தமிழ்த்துறை கையிலெடுக்கட்டும்

கல்லூரிக்குள் ஈ.வி.எஸ். என்னும் சுற்றுச்சூழல் பாடம் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் அதைக் கட்டாயமாக்கும்படி 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2003இல் மீண்டும் வலியுறுத்தியது. எல்லா இளநிலை மாணவருக்கும் பொதுவாகப் பல்கலைக்கழக மானியக் குழு முதலில் வகுத்த பாடத்திட்டத்தில் 50 வகுப்புகள் இருந்தன. அதில் களப்பணிக்கு 5. அந்த ஐந்தும் பல கல்லூரிகளில் பெயரளவுக்கே நடந்தன. ஓசோன் படலம், அமில மழை, பசுமைக்குடில் விளைவு என்று நோட்ஸ் வாங்கி, தேர்வுக்கு முந்தைய இரவில் படித்துத் தேறிவிடும் தாளாக ஈ.வி.எஸ். சுருங்கிக் கிடக்கிறது.

பக்கத்து வகுப்பறையில் தமிழ்த்துறை தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாட்டை, அதாவது முதல், கரு, உரியை நடத்துகிறது. நிலமும் பொழுதும், அங்குள்ள மரமும் பறவையும் தொழிலும், அந்த மண்ணில் வாழும் மனிதரின் மனநிலையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதுதான் அங்கே பாடம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களை ஒப்பிக்கும் மாணவர், சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு வரும் மல்லிகை எந்தத் தண்ணீரில் விளைகிறது என்று எழுதும்படி கேட்கப்படுவதில்லை. இந்த இரு வகுப்பறைகளையும் சேர்த்து, இயற்கை சார்ந்த இலக்கியத்தைப் படிப்பதும் சுற்றுச்சூழலைப் பற்றி எழுதுவதும் அடங்கிய ஒரு முழுத் தாளை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளில் தொடங்க வேண்டும். முதலில் தொடங்குவதற்குச் சங்கரன்கோவில் வட்டாரமே ஏற்ற இடம்.

மேற்கே மலையடிவாரத்தில் புளியங்குடியின் எலுமிச்சைத் தோட்டங்கள். கிழக்கே நகர நகர மானாவாரிக் கரிசல். ஒரே வட்டாரத்துக்குள் நிலம் இப்படி மாறுவதைப் போலவே இலக்கியமும் மாறுகிறது. குற்றாலத்து மலைவளத்தையும் கண்ணி வைக்கும் சிங்கனுக்கு முன்னால் வந்து மேயும் பறவைகளையும் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் பாடினார். சிற்றாறு தாமிரபரணியோடு கூடும் பகுதியைப் பாடிய முக்கூடற்பள்ளு, நெல் வகைகளையும் மீன் வகைகளையும் மாட்டு வகைகளையும் பெயர் பெயராகச் சொல்கிறது. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சென்னிகுளம் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில்தான். இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசலுக்கென்றே ஒரு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தார். அவருடைய ‘பிஞ்சுகள்’ குறுநாவலை ஒரு பறவைக் கையேடாகவும் வாசிக்கலாம். கண்மாயை நம்பி வாழ்ந்த கிராமத்தைச் சொல்லும் சோ. தர்மனின் ‘சூல்’ 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. எல்லாமே ஒரு பகலில் பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய ஊர்களின் எழுத்து. இவ்வளவையும் விட்டுவிட்டு, சூழலிலக்கியம் என்றதும் தோரோவின் ‘வால்டன்’ மட்டும் நினைவுக்கு வருவது பாடத்திட்டக் குழுக்களின் பழக்கதோஷம்.

மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சூழலிலக்கிய ஆய்வு 1990களில்தான் வேரூன்றியது; அமெரிக்காவில் இதற்கான ஆய்வாளர் சங்கம் அமைந்தது 1992இல். தமிழ்நாட்டில் திணைக் கோட்பாட்டைச் சூழலியலோடு சேர்த்துப் பயிற்றுவித்த முன்னோடி, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த நிர்மல் செல்வமணி. அந்த முயற்சி ஆங்கிலத் துறைகளில் பரவிய அளவுக்குத் தமிழ்த்துறைகளை எட்டவில்லை என்பது விசித்திரம்தான்.

படிப்பதோடு நின்றால் இந்தத் தாளும் நோட்ஸ் தாளாகிவிடும். எழுத வைக்க வேண்டும். திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். புலியும் யானையும் மட்டும் அவருக்குப் பொருளல்ல. காக்கையும் ஓணானும் தெருநாயும் அவர் எழுத்தில் உண்டு. அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். வீட்டு வாசலில் தொடங்கலாம் என்ற துணிச்சலை மாணவருக்குத் தர இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டியதில்லை.

எழுதப் பொருளுக்குப் பஞ்சமில்லை. சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொள்ளலாம். குளத்தையும் கண்மாயையும் அடைத்து நிற்கும் அம்மரத்தைத் தென்மாவட்டங்களில் அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டு அதே மரத்தால் அடுப்பெரித்த குடும்பங்களும் இங்கே உண்டு. தாவரவியல் ஒரு பாதியைச் சொல்லும். மறுபாதி, வெட்டுகிறவரிடமும் மூட்டம் போடுகிறவரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதினால்தான் கிடைக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வேலைவாய்ப்பு என்பது முதலில் வரும். அது எந்த இலக்கியப் பட்டத்துக்கும் பொருந்தும் என்பதால் இந்தத் தாளை மட்டும் தள்ள அது காரணமாகாது. பார்த்ததைப் பிழையில்லாமல், சுருக்கமாக எழுதத் தெரிந்தவருக்குப் பத்திரிகையிலும் போட்டித் தேர்விலும் இடமிருக்கிறது. அறிவியல் துறைகளின் தயக்கத்தில் நியாயம் உண்டு: தகவல் தெரியாத வருணனை வெறும் புலம்பலாகிவிடும். ஆகவே தாவரவியல் அல்லது விலங்கியல் ஆசிரியர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இவற்றைவிடக் கவலைக்குரியது, “எல்லாம் அன்றே சொன்னான் தமிழன்” என்ற பெருமிதத்தோடு வகுப்பு முடிந்துபோவது. திணை என்றால் மலையும் பூவும் மட்டுமல்ல. நிலம் யாருக்கு இருந்தது, குளத்தில் தண்ணீர் எடுக்க யாருக்கு உரிமை இருந்தது என்று சாதியைத் தொட்டுக் கேட்காத சூழல் பாடம் அரைகுறைதான். பூமணியின் ‘பிறகு’ நாவல் பாடத்தில் இருந்தால் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

பாடத்திட்டக் குழு செய்ய வேண்டியது அதிகமில்லை. மதிப்பெண்ணில் பாதியை மாணவர் ஒரு பருவம் முழுக்க ஒரே இடத்தை, அது குளமோ புறம்போக்கோ ஊரணியோ, திரும்பத் திரும்பப் பார்த்து எழுதும் குறிப்பேட்டுக்கு ஒதுக்க வேண்டும். தேர்வு வினாக்கள் அந்தக் குறிப்பேட்டிலிருந்து பிறந்தால் கடையில் விற்கும் கைடுக்கு வேலையில்லை. வடகிழக்குப் பருவமழைதான் கரிசலுக்கு உயிர் என்பதால் மழைக்கு முன்னும் மழை தொடங்கிய பின்னும் நிலத்தைப் பார்க்க ஒற்றைப்படைப் பருவமே தோதானது. களத்துக்குப் போகும் மணிகளை ஆசிரியரின் பணிநேரத்தில் சேர்த்துக் கணக்கிட்டு, பஸ் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும். இது பல்கலைக்கழகத்தின் ஆணையிலேயே இடம்பெறாவிட்டால் பழைய ஐந்து மணிக் களப்பணியின் கதிதான் இதற்கும் நேரும்.