கைபேசியில் திறக்க வேண்டிய கடை

பௌர்ணமிதோறும் அண்ணாமலையை வலம் வரும் அன்பர்கள் 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். கார்த்திகைத் தீபத்தன்று கூட்டம் பன்மடங்காகிறது. வந்தவர்கள் ஊர் திரும்புமுன் ஆரணிப் பட்டோ, ஜவ்வாது மலைச் சாமையோ, தேனோ வாங்கிச் செல்ல விரும்புவது இயல்பு. முன்னாளில் அவர்கள் தேரடி வீதியில் நின்று எதிர்ப்பட்டவரை விசாரித்தார்கள். இன்று கைபேசியை எடுத்துக் கூகுளை விசாரிக்கிறார்கள். அந்த விசாரணைக்கு விடையாக நம் சங்கங்களின் பெயர் வருகிறதா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

சங்கங்கள் சிலவற்றுக்கு இணையதளம் உண்டு. ஆயினும் அது மேஜைக் கணினியின் அகன்ற திரைக்கென அமைந்ததாயின், கைபேசியில் எழுத்துக்கள் எறும்பளவாகத் தெரியும். ஒரு வரியைப் படிக்கத் திரையை இருபுறமும் இழுக்க நேரும். ஒரு பொத்தானைத் தொட்டால் அடுத்தது அழுந்தும். வந்தவர் பொறுமையிழந்து வெளியேறுவார். நஷ்டம் இதனோடு நிற்பதில்லை.

கைபேசியில் தேடுவோருக்கு விடை தரும்போது, கைபேசிக்கு இணங்கிய பக்கங்களுக்கு முன்னுரிமை அளிக்கும் முறையைக் கூகுள் 2015 ஏப்ரல் 21 அன்று தொடங்கியது. அடுத்து, இணையதளங்களைக் கைபேசியின் கண்கொண்டே படித்துப் பதிவு செய்யப்போவதாக 2016-இல் அறிவித்தது. 2018 முதல் படிப்படியாக நடைபெற்ற அம்மாற்றம் நிறைவுற்றதாக 2023-இல் தெரிவித்தது. இதன் பொருள் யாது? சேலையின் நீளமும், ஜரிகை விவரமும், விலையும் கணினித் திரையில் மட்டும் இருந்து கைபேசிப் பக்கத்தில் விடுபட்டிருந்தால், அவை தேடுபொறியின் பேரேட்டில் ஏறா. மேஜைக் கணினியில் தேடுபவருக்கும் அதே பேரேடுதான்.

கைபேசிக்கு ஏற்ப அமைத்த மாத்திரத்தில் முதலிடம் கிட்டிவிடும் என்று நாம் கூறவில்லை. தேடுபவர் கேட்டதற்குப் பொருத்தமான விவரம் பக்கத்தில் இருத்தலே முதல் தகுதி. அத்தகுதியில் இருவர் ஒத்திருக்கும்போது, கைபேசிக்கு இணங்கியவரே முந்த வழியுண்டு.

நெசவாளருக்கும் உழவருக்கும் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். உற்பத்தியாளருக்கும் வாங்குவோருக்கும் இடையே தரகர் ஆதிக்கம் ஒழிய வேண்டும் என்பதன்றோ கூட்டுறவின் கொள்கை? 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியதும் நெசவாளரின் துணிக்குச் சந்தை தேடித் தரவே. தேடலில் நம் பெயர் பின்தங்கும்போது, முன்னே நிற்பது தரகரின் பெயராகும். விற்பது நம் சேலை, இலாபம் அவருடையது. சந்தையில் விலக்கிய தரகரைத் திரையில் வரவேற்பது தகுமா?

செய்ய வேண்டியவை அரிதல்ல. திரையின் அகலத்திற்கேற்பப் பக்கம் தானே சுருங்கி விரியும்படி அமைக்கலாம். படங்களின் கனத்தைக் குறைத்தால் சமிக்ஞை குன்றிய இடத்திலும் பக்கம் விரைந்து திறக்கும். தொலைபேசி எண்ணைத் தொட்டவுடன் அழைப்புச் செல்ல வேண்டும். விலாசமும் விற்பனை நேரமும் படத்திற்குள் அடங்காமல் எழுத்தாகவே இருக்க வேண்டும்; ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து வருவோர் பலராதலின் தமிழோடு தெலுங்கிலும் இருத்தல் நலம்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் கைபேசியில் சங்கத்தின் பக்கத்தைத் திறந்து பார்ப்பார்களாக. நமக்கே படிக்க இயலாததை வாங்க வருபவர் படிப்பார் என்று எதிர்பார்த்தல் முறையன்று.