இந்தக் களிம்பை எழுதிக் கொடுத்தது யார்?

ஆலங்குடியிலோ கறம்பக்குடியிலோ சாயங்கால நேரத்தில் மருந்துக் கடை ஓரமாகச் சற்று நின்று பாருங்கள். நடவு முடிந்து வருகிறவர், மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர், இடுப்பைச் சொறிந்தபடி “அரிப்புக்கு ஒண்ணு குடுங்க” என்கிறார். ஒரு டியூப் கைக்கு வருகிறது. டாக்டர் சீட்டு எங்கே என்ற கேள்வியே இல்லை. இரண்டு நாளில் அரிப்பு அடங்குகிறது. டியூப் தீர்ந்ததும் முன்னிலும் பெரிதாகத் திரும்பி வருகிறது. மறுபடியும் அதே கடை, அதே டியூப்!

இப்படி விற்கும் களிம்புகள் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இம்மருந்தை விஷம் என்று சொல்ல நாம் வரவில்லை. 1952ல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு பயனுக்கு வந்தது கரப்பான் நோயாளிகளுக்குப் பெரும் விடுதலையாக இருந்தது. இன்றும் கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் டாக்டர்கள் இதைக் கொடுக்கிறார்கள், கொடுக்கவும் வேண்டும்.

ஆனால் படர்தாமரைக்கு? அது காளான் கிருமியால் வருவது. ஸ்டீராய்டு காளானைக் கொல்வதில்லை. காளானை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தைத்தான் அடக்குகிறது. சிவப்பும் அரிப்பும் அந்தப் போராட்டத்தின் அடையாளங்கள். அவை மறைகின்றன, காளான் தங்குதடையின்றிப் படர்கிறது. வேலைநிறுத்தத்தை உடைத்துவிட்டு “ஆலையில் அமைதி நிலவுகிறது” என்று அறிக்கை விடும் நிர்வாகத்தை நம் வாசகர்கள் அறிவார்கள்! வழக்கமான மாத்திரைக்கு எளிதில் அடங்காத ஒரு படர்தாமரைக் காளானுக்கு 2020ல் நம் நாட்டின் பெயரை ஒட்டியே ‘இண்டோட்டினியே’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்டீராய்டும் காளான் மருந்தும் ஒன்றாகக் கலந்த களிம்புகளைக் கண்டபடி பூசியதும் அதன் பரவலுக்கு ஒரு காரணம் என்பது நிபுணர்களின் கருத்து.

இன்னொரு கொடுமை, சிவப்பழகு மோகம். கறுப்பை இழிவாக்கி, கல்யாணச் சந்தையில் பெண்ணின் நிறத்துக்கு விலை பேசும் சமுதாயத்தில், இக்களிம்பு முக வெளுப்புக்கும் விற்கிறது. முதலில் முகம் பளபளக்கும். பின்பு தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியும். பரு வெடிக்கும், மயிர் முளைக்கும், வெயில் பட்டால் எரியும். நம் நாட்டில் 12 மையங்களில் நடந்து 2011ல் வெளிவந்த ஆய்வில், முகத்தில் இதைப் பூசிய 433 பேரில் 392 பேருக்குப் பக்கவிளைவு இருந்தது.

தோல் டாக்டர்கள் கோர்ட் வரை போனார்கள். 2018ல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. டியூப் கடையில் இருக்கிறது.

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகிறது. ஆதனக்கோட்டை வட்டாரத்தில் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களை ஓட்டு எண்ணெய் பொத்துவிடுகிறது. எந்தக் களிம்பைப் பூசினாலும் மறுநாள் அதே எண்ணெயில்தானே கை வைக்க வேண்டும்? கையுறை கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்கச் சங்கம் வேண்டும்.

டாக்டர் இக்களிம்பை எழுதிக் கொடுத்தால், எத்தனை நாள், எந்த இடத்தில் என்று கேளுங்கள். ஆள்காட்டி விரலின் நுனிக்கணு நீளம் பிதுக்கிய மருந்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். முகம், அக்குள், தொடை இடுக்கு, கைக்குழந்தையின் உடம்பு ஆகியவற்றில் டாக்டர் சொல்லாமல் பூசாதீர்கள். கண்ணருகே வேண்டவே வேண்டாம். உணர்ச்சியற்ற தேமல் கண்டால் களிம்பால் மறைக்காமல் உடனே காட்டுங்கள். அது தொழுநோயாக இருக்கலாம், மருந்து இலவசம். மாதக்கணக்கில் பூசி வந்தவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடவும் வேண்டாம், தோல் கடுமையாகச் சிவந்து எரியும். அந்த டியூபையே கையில் எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

தாலுகா ஆஸ்பத்திரிகளில் வாரம் ஒருநாளாவது, கூலி வேலை முடிந்த மாலை நேரத்தில், தோல் டாக்டர் உட்கார வேண்டும். 2018 உத்தரவை அமல்படுத்த மருந்து இன்ஸ்பெக்டர்கள் கடைகளுக்கு வர வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் இவ்விரண்டையும் நாம் கோருகிறோம்.